சைக்கிளைவிட்டு இறங்கியவர்களும் இறங்க மறுத்தவர்களும்

(பந்திங் நகரில், பல்கலைக்கழக மாணவர்களும் ஆலயப் பொறுப்பாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு என் வணக்கம்.

1941ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலாயாவில், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் இருந்தது. கூடவே இன்னொன்று: தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரை எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அரை வயிற்றுக் கஞ்சிக்குப் போராடியவர்கள் சைக்கிளை ஏன் சம்பளத்தோடு சேர்த்து எழுதினார்கள்?

பிரிட்டிஷ் சமூகவியலாளர் அந்தோணி கிடன்ஸ் 1984இல் விரிவாக வகுத்துத் தந்த அமைப்பாக்கக் கோட்பாடு இதற்கு விடை சொல்கிறது. அமைப்பு என்பது நமக்கு வெளியே, மேலே நிற்கும் ஒன்று என்றுதான் பலரும் எண்ணுகிறோம். கிடன்ஸ் அதை மறுக்கிறார். விதிகளும் வளங்களும் சேர்ந்ததே அமைப்பு. மனிதர்கள் அவற்றை எடுத்துப் புழங்கும்போதுதான் அதற்கு உயிர். நாம் தமிழில் பேசுவது மொழியைக் காப்பாற்றும் எண்ணத்தில் அல்ல, பால் வாங்கவும் பிள்ளையைக் கூப்பிடவும்தான். ஆனாலும் அந்தப் பேச்சால்தான் மொழி நிலைக்கிறது. அப்படித்தான் சைக்கிளைவிட்டு இறங்கிய ஒவ்வொரு காலும், அறியாமலே, துரைத்தனத்தை மறுபடி நிறுவியது.

அந்தத் தொழிலாளி அறிவற்றவர் அல்லர். எவ்வளவு தொலைவில் இறங்க வேண்டும், எப்போது மீண்டும் ஏறலாம் என்பதெல்லாம் அவர் உடம்புக்குத் தெரியும்; விளக்கச் சொன்னால் வார்த்தை வராது. இதைச் செயலறிவு என்றும், வாய்விட்டுச் சொல்லக்கூடியதைச் சொல்லறிவு என்றும் கிடன்ஸ் பிரிக்கிறார். 1941இல் நடந்த பெரிய காரியம் இதுதான் என்பது என் எண்ணம்: காலில் இருந்த விதி வாய்க்கு வந்து, கோரிக்கையாக எழுதப்பட்டது. எழுதிய பிறகு பழையபடி இறங்க யாருக்குக் கால் வரும்? பேச்சு அமைப்பை மாற்றும் இடம் அது. தகவல் தொடர்பு ஆய்வாளர்கள் இந்தக் கோட்பாட்டை இறுகப் பற்றிக்கொண்டதும் அதனால்தான்.

அமெரிக்காவில் ஸ்டீபன் பார்லி 1986இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மாசசூசெட்ஸில் இரண்டு மருத்துவமனைகள்; இரண்டுக்கும் சிடி ஸ்கேன் கருவி புதிதாக வந்தது. ஓரிடத்தில் கருவியை இயக்கியவர்களின் கை ஓங்கியது; அன்றாட முடிவுகள் அவர்களிடம் போயின. மற்ற இடத்தில் மருத்துவர்கள் பிடியை அவ்வளவாக விடவில்லை. யார் யாரைக் கேட்டார், யார் கட்டளையிட்டார், யார் திருத்தினார் என்ற அன்றாட உரையாடல்களிலேயே அந்த வேறுபாடு உருவானதை அவர் உடனிருந்து பதிவு செய்தார். 1994இல் ஜெரார்டின் டிசாங்டிஸும் மார்ஷல் ஸ்காட் பூலும் இதே வழியில் நடந்து, குழுக்கள் ஒரு தொழில்நுட்பத்தை எப்படித் தம்வயப்படுத்துகின்றன என்பதை ஆராயும் முறையை வகுத்தார்கள்.

நம் ஆலயங்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களை இப்படி ஆராய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில், மண்டபத்தில் வாய் திறக்காத பெண்கள் திருவிழாக் கணக்கைப் பற்றி எழுத்தில் கேட்கத் தொடங்கினார்கள். "அன்னதானத்துக்கு வந்த அரிசி எத்தனை மூட்டை?" என்று ஒருவர் கேட்டார். இரண்டு பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். மறுநாள், பொறுப்பாளர்கள் மட்டுமே எழுதலாம் என்று குழு மாற்றப்பட்டிருந்தது. அந்தக் கேள்வி விதியை அசைத்தது. குழுவுக்குப் போட்ட பூட்டு அந்த விதியை மீண்டும் நிலைநிறுத்தியது. பூட்டுவதற்கான வளம் யார் கையில் இருந்தது என்பதும் அங்கே தெரிந்துபோனது. எனக்கு அது இன்றும் வருத்தம் தருகிறது.

பிரிட்டிஷ் சமூகவியலாளர் மார்கரெட் ஆர்ச்சர் கிடன்ஸின் இந்தக் கோட்பாட்டைக் கடுமையாக மறுத்தார். அமைப்பையும் செயலையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால் எது முன், எது பின் என்று பிரித்தறிய முடியாது என்றார். தோட்டம் கைமாறி, செம்பனை அழிந்து வீடமைப்புத் திட்டம் வந்து, தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, அந்த முடிவு குடும்பங்கள் வாய் திறக்கும் முன்பே எங்கோ எடுக்கப்பட்டிருந்தது. அங்கே ஆர்ச்சர் பக்கம்தான் நான். கிடன்ஸை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த மக்களின் இழப்பை எழுதினால், பழியில் ஒரு பங்கு அவர்கள் தலையிலேயே விழுந்துவிடும். அது அநியாயம்.

ஆய்வு செய்யப் போகும் மாணவர்களிடம் எனக்கொரு வேண்டுகோள். கூட்டக் குறிப்பேட்டை மட்டும் நம்பாதீர்கள். "ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்றுதான் அதில் இருக்கும். கூட்டத்துக்கே போய் உட்காருங்கள். யார் பேசியதும் யார் நிறுத்துகிறார், யார் கேள்விக்கு மறுமொழி வரவில்லை, தலைவர் வருவதற்கு முன் நாற்காலிகள் எப்படிப் போடப்படுகின்றன என்று எழுதிவையுங்கள். கூட்டம் கலைந்த பிறகு தேநீர்க் கடைக்கும் போங்கள். மண்டபத்தில் சொல்லாததை அங்கே சொல்வார்கள்.