ஆபத்து முடிந்துவிட்டதா, இன்னும் நடக்கிறதா?

(கொழும்பு வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம்.

மனவடு, அதாவது பெரிய அதிர்ச்சி மனதில் விட்டுச்செல்லும் காயம். பதகளிப்பு, அதாவது அடங்காத பதற்றம். ஆளை மனதால் ஆட்டிவைக்கும் உறவு. மூன்றையும் சேர்த்துப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றிலும் நெஞ்சு படபடக்கும், வயிற்றைப் பிசையும், நித்திரை கெடும். அதனால்தான் எல்லாருக்கும் ஒரே புத்திமதி சொல்கிறோம்: "மனதைத் தைரியமாக வைத்திரு." பயம் ஒரே மாதிரி இருக்கலாம், ஆனால் அதற்குச் செய்ய வேண்டியது ஒன்றல்ல. முதலில் கேட்க வேண்டியது இதுதான்: ஆபத்து முடிந்துவிட்டதா, இன்னும் நடக்கிறதா?

முடிந்ததை முதலில் எடுப்போம். இந்த நகரத்தில் 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று குண்டு வெடித்தபோது கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பூசைக்கு நின்றவர்கள் இருக்கிறார்கள். சீனவெடிச் சத்தத்துக்கு அவர்களுடைய உடம்பு துள்ளினால் அது கோழைத்தனம் இல்லை. யோசிப்பதற்கு முன்பே உடம்பை உசுப்பிவிடும் வேலையை மூளை செய்துவிடுகிறது. சம்பவத்தின் பின் முதல் சில கிழமைகள் கெட்ட கனவும் திடுக்கிடலும் இயல்பு. பெரும்பாலானோருக்குத் தானாகவே தணியும். அந்த நேரத்தில் "என்ன நடந்தது, விபரமாகச் சொல்லு" என்று குடையாதீர்கள். சாப்பாடு, நித்திரை, பக்கத்தில் ஓர் ஆள், இவை போதும். 1 மாதம் கடந்தும் குறையாமல் வேலையையும் வீட்டையும் குழப்பினால் உளவளத்துணையாளரிடமோ உளநல வைத்தியரிடமோ போக வேண்டும்.

அது ஏன் சிலருக்குக் குறைவதில்லை? முக்கியமான காரணம் தவிர்ப்பு. பஸ்ஸில் ஏறப் பயந்து திரும்பி வருகிறீர்கள். உடனே ஆறுதல். "திரும்பியதால்தான் தப்பினோம்" என்று மூளை படித்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் கூடுகிறது. இதை உடைக்கப் படிப்படியாகப் போக வேண்டும். பயத்துக்கு 0 முதல் 100 வரை புள்ளி போட்டு எழுதுங்கள். தரிப்பிடத்தில் நிற்பது 30, கூட்டமில்லாத பஸ்ஸில் பம்பலப்பிட்டி வரை போவது 50, மாலை நெரிசலில் புறக்கோட்டைக்குப் போவது 90. 30இல் தொடங்கி, பயம் ஏறக்குறைய பாதியாகும் வரை அங்கேயே நில்லுங்கள். அரை மணியோ அதற்கு மேலோ ஆகலாம். அதே படியை அது சலிப்புத் தட்டும்வரை நாளாந்தம் செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பலருக்கு இது பிழையாகிப் போவது இரண்டு இடங்களில். ஒன்று, பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிடுவது. மற்றது, ஒவ்வொரு முறையும் துணைக்கு ஆளைக் கூட்டிப்போவது. அப்போது காப்பாற்றியது அந்த ஆள்தான் என்று மூளை எண்ணிக்கொள்ளும். ஆனால் மனவடுவின் நினைவுக்குள்ளேயே இறங்குவதைத் தனியாகச் செய்யாதீர்கள். பயிற்சி பெற்றவரோடு, வழமையாக 8 முதல் 12 அமர்வுகளில் செய்யும் சிகிச்சை அது.

பதகளிப்பு திடீரென்று பொங்கும்போது விரல் விறைக்கும், தலை சுற்றும். வேகமாக மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைவதுதான் காரணம். "ஆழமாய் மூச்செடு" என்று சொல்வது அதை மோசமாக்கும். மூக்கால் 4 எண்ணும்வரை மெதுவாக இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். 5 நிமிடம். அமைதியாக இருக்கும்போதே தினமும் இரண்டு தரம் பழகினால்தான் அந்த நேரத்தில் கைகொடுக்கும். நெஞ்சு வலி முதல் தடவை வந்தால், முக்கியமாகச் சீனியோ பிரஷரோ உள்ளவர்கள், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள். அயலவர் தரும் நித்திரைக் குளிசை வேண்டாம். சில குளிசைகளுக்கு உடம்பு பழகிவிடும். மாதக்கணக்கில் குடித்தவர்கள் சடுதியாக நிறுத்தவும் கூடாது.

இனி, இன்னும் முடியாத ஆபத்து: ஆளை ஆட்டிவைக்கும் உறவு. இதைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். நேற்றுச் சொன்னதை "அப்படிச் சொல்லவே இல்லை" என்று மறுப்பது. பேசாமல் இருந்தே தண்டிப்பது, பிறகு திடீரென்று அன்பைக் கொட்டுவது. "நீ போனால் நான் செத்துவிடுவேன்" என்பது. இது கணவன் மட்டும் செய்வதல்ல. வெளிநாட்டிலிருந்து வீட்டு வாடகை அனுப்பும் அண்ணன், தங்கை யாரோடு பேசலாம் என்பதையும் தீர்மானிப்பதும் இதுதான். இங்கே பயம் பிழையான சைகை அல்ல. அது சரியாகவே வேலை செய்கிறது. மூச்சுப் பயிற்சியால் அதை அடக்கிவிட்டு அதே வீட்டில் இருக்கச் சொல்வது சிகிச்சையாகாது.

என்ன செய்யலாம்? நடந்ததைத் திகதியோடு, சொன்ன வார்த்தைகளோடு எழுதுங்கள். ஆட்டிவைப்பவருக்குக் கடவுச்சொல் தெரிந்த போனில் வேண்டாம். வெளியே நம்பிக்கையான ஒருவருக்காவது சொல்லிவையுங்கள். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை அந்த நம்பிக்கையானவரிடம் கொடுத்துவையுங்கள். ஆட்டிவைப்பவரோடு விவாதித்து வெல்லப் பார்க்காதீர்கள். "நான் இதைப் பிறகு பேசுகிறேன்" என்று சுருக்கமாக நிறுத்துங்கள். சாவதாக மிரட்டினால் அதை அலட்சியம் செய்யவும் வேண்டாம், அதற்காகப் பணியவும் வேண்டாம். அவருடைய வீட்டாருக்கும் 1926 என்ற உளநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கும் அறிவியுங்கள். விட்டுப் போகும் தருணத்தில்தான் கட்டுப்பாடு கடுமையாகும். ஆகவே முன்கூட்டியே சவால் விடாதீர்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அடிதடியை மட்டும் சொல்லவில்லை. பாரதூரமான மனத் துன்புறுத்தலும் அதற்குள் வரும். நீதவான் நீதிமன்றத்தில் முதலில் 14 நாள் இடைக்காலக் கட்டளையும், விசாரணைக்குப் பின் 12 மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளையும் கேட்கலாம். பெண்களுக்கு 1938 என்ற உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருவரையும் ஒன்றாக இருத்திச் சமாதானம் பேசாதீர்கள். அங்கே சொன்ன உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும்.

கிளினிக்கிலும் இதே சிக்கல் உண்டு. வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் கூட வந்தவர் மொழிபெயர்க்கிறார். அவரே ஆட்டிவைப்பவராக இருந்தால் வைத்தியர் கேட்பது அவருடைய கதையை. ஆகவே பதியும்போதே, தமிழ் தெரிந்த தாதியோ உத்தியோகத்தரோ வேண்டும் என்று கேளுங்கள். முதல் 10 நிமிடமாவது தனியாகப் பேச வேண்டும் என்றும் கேளுங்கள். வாய்விட்டுக் கேட்கப் பயமாக இருந்தால் அதை ஒரு துண்டில் எழுதி நீட்டுங்கள்.