மடித்து வைத்த மானியம்

நேயர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் என் அக்காள் மகள் மூன்று மின்கார்களின் விவரத்தாள்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினாள். “இந்த மூன்றில் எது மாமா மலிவு?” என்று கேட்டாள். மூன்று தாள்களிலும் மானியம் கழித்த விலைதான் கொட்டை எழுத்தில் இருந்தது. கழிக்காத விலையைப் படிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. நான் செய்த முதல் வேலை, அந்தக் கொட்டை எழுத்து உள்ளே போகும்படி மூன்று தாள்களையும் மடித்ததுதான். மானியம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அதை முதலில் பார்த்துவிட்டால் மற்ற எதையும் ஒழுங்காகப் பார்க்க மாட்டோம்.

மின்காரின் விலையில் ஒரு பெரிய பங்கு பேட்டரியுடையது. அதன் கொள்ளளவைக் கிலோவாட் மணியில் சொல்வார்கள். மின்கட்டணச் சீட்டில் யூனிட் என்று வருவதும் அதுவேதான். நானும் யூனிட் என்றே சொல்கிறேன். 2024-ஆம் ஆண்டில் லித்தியம் அயன் பேட்டரித் தொகுப்பின் உலகச் சராசரி விலை யூனிட்டுக்கு 115 டாலர் என்று புளூம்பெர்க் என்இஎஃப் என்னும் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அப்படியென்றால் 60 யூனிட் பேட்டரிக்கு ஏறத்தாழ 6,900 டாலர். ஒரே காரை 40 யூனிட்டிலும் 60 யூனிட்டிலும் விற்கிறார்கள் என்று வையுங்கள். இடையிலுள்ள 20 யூனிட்டின் சரக்கு விலை 2,300 டாலர்தான். விற்பனை விலையில் உள்ள வித்தியாசம் அதைப்போல மூன்று மடங்கு என்றால், கூடுதல் பணத்தில் பாதிக்கு மேல் பெரிய சக்கரத்துக்கும் தோல் இருக்கைக்கும் கண்ணாடிக் கூரைக்கும் போகிறது. பிடித்திருந்தால் வாங்கிக்கொள்ளலாம். தூரத்துக்காகக் கொடுத்த பணம் என்று மட்டும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

தூரம் என்றதும் அடுத்த குழப்பம் வருகிறது. “ஒருமுறை சார்ஜ் செய்தால் இத்தனை கிலோமீட்டர்” என்கிற எண் எந்தச் சோதனையில் கிடைத்தது? ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி சோதனை 23 பாகை வெப்பத்தில், ஏர்கண்டிஷனரை அணைத்துவிட்டு, சராசரியாக மணிக்கு 46 கிலோமீட்டர் சொச்சம் வேகத்தில் நடக்கிறது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ போடும் கணக்கு இதைவிடக் கண்டிப்பானது. சீனாவின் சிஎல்டிசி சோதனை இரண்டையும்விடத் தாராளமானது. ஒரு தாளில் ஒரு சோதனையும் இன்னொரு தாளில் வேறொரு சோதனையும் இருந்தால், ஒன்றை முழத்தாலும் மற்றதைச் சாணாலும் அளந்து ஒப்பிடுகிறோம்.

நெடுஞ்சாலையில் கதை இன்னும் மாறும். காற்றின் எதிர்விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 120-க்குப் போனால் அந்த விசை முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிடும். ஆகவே, அச்சிட்ட தூரத்தை விட்டுவிட்டு, நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்று கேளுங்கள். 20 யூனிட் என்று பதில் வந்தால், 60 யூனிட் பேட்டரி 300 கிலோமீட்டர் போகும். அந்த 60-உம் உண்மையில் பயன்படுத்தக்கூடிய அளவாக இருக்க வேண்டும். தாளில் மொத்தக் கொள்ளளவை மட்டும் போடுகிறவர்களும் உண்டு.

என் அக்காள் மகள் அன்றாடம் ஓட்டுவது 45 கிலோமீட்டர். பெற்றோரைப் பார்க்க மாதம் ஒருமுறை 280 கிலோமீட்டர். அந்த மாதத்தில் ஒரு நாளுக்காக 80 யூனிட் பேட்டரியை மற்ற 29 நாளும் சுமக்க வேண்டுமா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு முதல் தாளின் விலை உயர்ந்த மாதிரியை அடித்துவிட்டாள்.

பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்பதும் விலையோடு சேர்ந்ததுதான். இரும்பு பாஸ்பேட் வகை மலிவு. நீண்ட நாள் உழைக்கும். முழுக் கொள்ளளவு வரை அடிக்கடி சார்ஜ் செய்யலாம். கடுங்குளிரில் சார்ஜ் ஏறுவதற்குச் சற்று முரண்டு பிடிக்கும். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை அதே எடையில் கூடுதல் மின்சாரம் வைத்திருக்கும். ஆனால் தினப்பாட்டுக்கு 80 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள். 60 யூனிட்டில் 80 விழுக்காடு என்றால் 48. அதன் அருகில் 50 யூனிட் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை வைத்துப் பாருங்கள்: அன்றாடப் புழக்கத்தில் சின்னதுதான் பெரியது.

வேகச் சார்ஜில், மின்சாரம் ஏறும் வேகத்தைக் காட்ட 150, 200 கிலோவாட் என்று பெரிய எண்களைப் போடுவார்கள். அது உச்சத்தைத் தொடும் சில நிமிடங்களின் கணக்கு. 10 விழுக்காட்டிலிருந்து 80-க்கு எத்தனை நிமிடம் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பேட்டரி உத்தரவாதம் பல நிறுவனங்களில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பொறுப்பு அவர்களுடையது. காருக்குள் இருக்கும் திரையின் அகலத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

இப்போது மடித்ததைப் பிரிக்கலாம். மானியம் என்று ஒரே சொல்லால் அழைத்தாலும் அது நாட்டுக்கு நாடு வேறு பிராணி. நார்வேயில் காசோலை எதுவும் வராது. 25 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியை விலக்கி வைத்தார்கள். 2023-இல் அந்த விலக்குக்கு 5,00,000 குரோனர் என்று வரம்பு கட்டினார்கள். அமெரிக்காவில் 7,500 டாலர் வரை கொடுத்தார்கள். ஆனால் 2023 வரை அது செலுத்த வேண்டிய வருமான வரியிலிருந்து கழியும் தொகை மட்டுமே. 4,000 டாலர் வரி கட்ட வேண்டியவருக்கு 4,000 தான் கிடைத்தது. மீதி 3,500 காற்றோடு போயிற்று. விளம்பரத்தில் மட்டும் 7,500 என்றே இருந்தது. அதோடு, சாதாரண கார் என்றால் 55,000 டாலருக்குள் இருக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் பொருத்திய கூடுதல் வசதிகளும் அந்த வரம்பில் சேர்ந்தன. ஆசைப்பட்டுச் சேர்த்த ஒரு வசதி மொத்தச் சலுகையையும் விழுங்கிவிட்டிருக்கலாம்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது தேதி. ஜெர்மனியில் 2023 டிசம்பர் 16 அன்று, மறுநாளோடு மானிய விண்ணப்பம் முடிகிறது என்று அறிவித்தார்கள். அங்கே கார் தன் பெயரில் பதிவான பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். ஆகவே முன்பணம் கட்டிவிட்டுக் காருக்காகக் காத்திருந்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள்; சில நிறுவனங்கள் அந்தத் தொகையைத் தம் கைப்பணத்திலிருந்து ஈடுகட்டின. அமெரிக்காவில் 2025 செப்டம்பர் 30 அன்று சலுகை முடிந்தபோது, அந்தத் தேதிக்குள் ஒப்பந்தமிட்டு ஒரு தொகை கட்டியவர்கள் பிறகு காரை எடுத்தாலும் சலுகை உண்டு என்றார்கள். ஒரு நாட்டில் பதிவுத் தேதி, இன்னொரு நாட்டில் ஒப்பந்தத் தேதி. பிரிட்டனோ 2022 ஜூனில் நிறுத்திய கார் மானியத்தை 2025 ஜூலையில் புது விதிகளோடு மறுபடி தொடங்கியது: 37,000 பவுண்டுக்கு உட்பட்ட கார்களுக்கு 1,500 அல்லது 3,750. எந்தக் காருக்கு எந்தத் தொகை என்பதைத் தயாரிப்பின்போது வெளியாகும் கரியமில வாயு முடிவுசெய்கிறது. ஓட்டுகிறவரின் சிக்கனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இன்னொன்றையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். புதுக் காரின் விலையை மானியம் இறக்கும்போது பழைய காரின் விலையும் சேர்ந்தே இறங்கும். நான்கு ஆண்டில் விற்க நினைப்பவர் அந்த இழப்பையும் கணக்கில் எழுத வேண்டும்.

என் அக்காள் மகளின் தாள்களில் மானியத்தைக் கழித்தால் மூன்றாவது கார்தான் மலிவு. ஆனால் அது கைக்கு வர ஐந்து மாதம் ஆகும் என்றார்கள். மூன்று விற்பனையாளர்களிடமும் அவள் ஒரே கேள்வியைக் கேட்டாள்: “கார் எந்தத் தேதிக்குள் என் பெயரில் பதிவாகும் என்று எழுதித் தருவீர்களா?” இருவர் எழுதித் தந்தார்கள். மூன்றாமவர், “எல்லாம் நல்லபடியாக வந்துவிடும் அம்மா, கவலைப்படாதீர்கள்” என்றார். அவள் அந்தத் தாளை மறுபடி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாளாம்.

வணக்கம்.