மரியா மிட்செலின் இரவுகள்

வணக்கம் நேயர்களே. இன்று அமெரிக்க வானியலாளர் மரியா மிட்செலின் கதை.

அமெரிக்காவின் நான்டக்கெட் தீவு திமிங்கில வேட்டைக் கப்பல்களின் ஊர். நடுக்கடலில் கப்பல் இருக்கும் இடத்தைக் கணிக்க மாலுமிகளுக்குப் பிசகாத கடிகாரம் வேண்டும். அந்தக் கடிகாரங்களை நட்சத்திரங்களைப் பார்த்துச் சரிபார்த்துக் கொடுப்பது வில்லியம் மிட்செலின் வேலைகளில் ஒன்று. 1818இல் பிறந்த மகள் மரியா அதைச் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டார். பகலில் நூலகர் வேலை, ராத்திரியானால் மொட்டை மாடி.

1847 அக்டோபர் 1 அன்று வீட்டில் விருந்தாளிகள். மரியா மெல்ல நழுவி மாடியேறினார். அன்றுதான் அந்த வால்நட்சத்திரம் அவர் கண்ணில் பட்டது. இரண்டு நாள் கழித்து ரோமில் வானியலாளர் டி விக்கோவும் அதையே பார்த்தார். தொலைநோக்கியில் புது வால்நட்சத்திரத்தை முதலில் காண்பவருக்கு டென்மார்க் அரசர் ஒரு தங்கப் பதக்கம் அறிவித்திருந்தார். தபால் தாமதத்தால் உரிமை யாருக்கு என்று இழுபறி. ஹார்வர்டு தலைவர் எட்வர்டு எவரெட் வாதாடியபின் அந்தப் பதக்கம் மரியாவுக்கே வந்தது. 1848இல் அமெரிக்கக் கலை அறிவியல் கழகம் முதல் பெண் உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டது. பிறகு மாலுமிகளுக்கான நாவிகப் பஞ்சாங்கத்துக்காக வெள்ளிக் கோளின் நிலைகளைக் கணக்கிட்டுத் தரும் சம்பள வேலையும் கிடைத்தது.

எல்லோரும் பதக்கத்தோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்கென்னவோ அதற்குப் பிந்தைய காலம்தான் பெரிதாகப் படுகிறது.

ரோமில் வானியலாளரான பாதிரியார் செக்கியின் வான்காணகத்தைப் பார்க்கப் போன மரியாவுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் பெண் என்பதால் இருட்டுவதற்குள் வெளியேறிவிட வேண்டுமாம்! வானியலாளருக்கு இப்படியொரு நிபந்தனை.

1865இல் நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சி நகரில் பெண்களுக்கான வாசர் கல்லூரி திறந்தபோது மரியா அங்கே பேராசிரியரானார். வயதான அப்பாவோடு வான்காணகத்திலேயே குடியேறினார். மேலே 12 அங்குலத் தொலைநோக்கி. ராத்திரியில் மாணவிகளை அங்கே வரவழைத்தார். மதிப்பெண் போடுவதில் அவருக்கு நம்பிக்கையே இல்லை. உன் கண்ணால் பார்த்தாயா என்பதுதான் கேள்வி. அவரும் அப்படித்தான். நான்டக்கெட்டில் ஒருமுறை தொலைநோக்கிக் கருவியில் குறி பார்க்க உதவும் மெல்லிய குறுக்கிழை அறுந்தபோது, தலைமுடியை வைத்துப் பார்த்தார். தடிமனாக இருந்தது. கடைசியில் சிலந்திக்கூட்டிலிருந்து நூல் பிரித்துப் பொருத்தினார்.

ஆண் பேராசிரியர்களைவிடச் சம்பளம் குறைவு என்று தெரிந்ததும் சும்மா இருக்கவில்லை. சக ஆசிரியை, மருத்துவர் அலைடா ஏவரியோடு சேர்ந்து நிர்வாகத்திடம் நேரே கேட்டார், உயர்வும் கிடைத்தது.

1878இல் முழுச் சூரிய கிரகணம் பார்க்கப் பழைய மாணவிகளோடு டென்வருக்கு ரயிலேறினார். ரயில் நிறுவனங்களின் சண்டையில் கருவிப் பெட்டிகள் வழியில் மாட்டிக்கொண்டன. ஆனாலும் கிரகணத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டன. வெட்டவெளியில் தொலைநோக்கிகளை நிறுத்திப் பெண்கள் குறிப்பெடுத்தார்கள்.

1888இல் மரியா ஓய்வு பெற்றார். மறு ஆண்டு காலமானார். வான்காணகப் பொறுப்பு அவரிடமே படித்த மேரி விட்னிக்குப் போனது.

நன்றி, வணக்கம்.