கோப்பையில் இருப்பது எல்லாம் குற்றவாளி அல்ல

வணக்கம் நேயர்களே.

வயிறு எரிகிறது, உப்புகிறது என்று வாய்திறந்து சொன்னால் போதும். "காப்பியை நிறுத்து, டீயை நிறுத்து, சோடா பக்கமே போகாதே" என்று சுற்றியிருக்கும் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். அப்படியே ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்துகிறவர்களும் உண்டு. மறுநாள் தலைவலி மண்டையைப் பிளக்கும். அதற்கடுத்த நாள் சோர்வும் சிடுசிடுப்பும் சேரும். வாரம் முடிவதற்குள் பழைய கோப்பை மறுபடி கைக்கு வந்துவிடும். வயிற்றுக்கு ஆகாதது எது என்பது மட்டும் கடைசிவரை தெரியாமலே போகும்.

ஒரு கோப்பைப் பால் காப்பியை எடுத்துக்கொள்வோம். அதில் காஃபீன் இருக்கிறது, பால் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, சூடு இருக்கிறது. எவ்வளவு குடிக்கிறோம், எப்போது குடிக்கிறோம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. இத்தனையில் ஒன்றோ இரண்டோதான் உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதைக் கைவிட வேண்டியதில்லை.

அதற்கு முன்னால் உங்கள் தொந்தரவு எந்த வகை என்று தெரிய வேண்டும். மார்புக்கு நடுவே எரிச்சல், தொண்டை வரை புளித்த நீர் ஏறுவது, படுத்தால் அதிகமாவது என்றால் அது எதுக்களிப்பு. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் சுருக்குப்பை வாய் போல ஒரு தசைவளையம் இருக்கிறது. அது தளரும்போது அமிலம் மேலே வருகிறது. மேல்வயிற்றில் காந்தலும் குமட்டலும் என்றால் இரைப்பையின் உட்சுவர் சம்பந்தப்பட்டிருக்கலாம். தொப்புளைச் சுற்றி இரைச்சல், உப்புசம், வாயு, அவசரமாகக் கழிப்பறை தேடுவது என்றால் விஷயம் குடலில். மூன்றையும் 'கேஸ் ட்ரபிள்' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். மருந்துக் கடையிலும் அப்படியே சொல்லி மாத்திரை வாங்குகிறோம். ஆனால் ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு ஆகாது. மிளகுக்கீரை எனப்படும் பெப்பர்மின்ட் போட்ட தேநீர் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தி, வயிற்றுப் பிடிப்பைக் குறைக்கும். அதே தளர்ச்சி உணவுக்குழாயின் தசைவளையத்திலும் ஏற்படுவதால் நெஞ்செரிச்சல்காரருக்கு அதுவே எரிச்சலைக் கூட்டும்.

இப்போது காப்பி. காப்பி அமிலத்தன்மை உள்ளது, அதனால்தான் எரிகிறது என்று சொல்வதுண்டு. காப்பியின் பிஎச் ஏறத்தாழ 5. இரைப்பையில் ஊறும் அமிலத்தின் பிஎச் 1.5 முதல் 3.5 வரை. அந்த அளவுகோலில் எண் குறையக் குறைய அமிலம் கடுமை. ஆக, கோப்பையில் இருக்கும் அமிலம் இரைப்பைக்கு ஒரு பொருட்டே இல்லை. காப்பி செய்யும் வேலை வேறு. இரைப்பையைத் தூண்டி அதன் சொந்த அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. இதில் காஃபீனுக்குப் பங்கு உண்டு, ஆனால் காஃபீன் மட்டுமே காரணம் அல்ல. காஃபீன் நீக்கிய டிகாஃப் காப்பியும் அமிலச் சுரப்பைத் தூண்டும். டிகாஃபுக்கு மாறியும் எரிச்சல் நிற்கவில்லை என்று வருந்துகிறவர்களுக்கு விடை இதுதான். காப்பியில் சிட்டிகை சமையல் சோடா கலந்து குடிக்கும் யோசனையும் இதனால்தான் பெரிதாகப் பயன்படாது. அது கோப்பையில் இருக்கும் அமிலத்தைத் தணிக்கும், பிறகு ஊறப்போகும் அமிலத்தை அல்ல. கூடவே சோடியம் உடம்பில் ஏறும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

காப்பியை விடாமல் மாற்றிப் பார்க்க விரும்பினால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் நேரம். வெறும் வயிற்றில் குடிக்காமல், சாப்பிட்ட பிறகு குடியுங்கள். ஏழு நாள் இதை மட்டும் மாற்றினால் போதும். இரண்டாவது அளவு. பெரிய கோப்பைக்குப் பதில் 100 முதல் 150 மில்லிலிட்டர். இரைப்பை விரிந்தால் தசைவளையம் எளிதில் தளரும். எதுக்களிப்புக்கு எந்தப் பானமானாலும், வெறும் தண்ணீரே ஆனாலும், ஒரே மூச்சில் நிறையக் குடிப்பது ஆகாது. மூன்றாவது வறுப்பு. நன்றாகக் கருக வறுத்த கொட்டையில், வறுபடும்போது குளோரோஜெனிக் அமிலங்கள் சிதைந்து குறைந்துவிடும். இளவறுப்பை விட இது சிலருக்கு வயிற்றில் மென்மையாக இருக்கும். எல்லோருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, முயன்று பார்க்கலாம்.

நான்காவது, குளிர்நீரில் ஊறவைத்த காப்பி. கரகரப்பாக அரைத்த தூள் 60 கிராம், தண்ணீர் அரை லிட்டர். மூடி, குளிர்சாதனப் பெட்டியில் 12 முதல் 16 மணி நேரம் வைத்து வடிகட்ட வேண்டும். தூள் நைசாக இருந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், கசப்பும் மண்டிச் சுவையும் இறங்கும். வெந்நீரில் இறங்கும் சில அமிலங்கள் குளிர்நீரில் குறைவாக இறங்குவதால் குடிக்க இதமாக இருக்கும். தவறு நடப்பது அடுத்த படியில். இது அடர்த்தியான சாறு, சம அளவு தண்ணீரோ பாலோ கலந்தே குடிக்க வேண்டும். இதமாக இருக்கிறதே என்று அப்படியே ஒரு டம்ளர் குடித்தால் காஃபீன் இரு மடங்கு உள்ளே போகும். எரிச்சல் குறையலாம், படபடப்பும் குடலின் அவசரமும் கூடும்.

காஃபீனைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். தினமும் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், இரண்டாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும், ஒன்பது நாள் வரை நீடிக்கக்கூடும். அதற்கு மாத்திரை தேடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சில தலைவலி மாத்திரைகளில் ஆஸ்பிரின் இருக்கும், சிலவற்றில் காஃபீனே இருக்கும். ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபென் வகை மாத்திரைகள் இரைப்பைச் சுவரை எந்தக் காப்பியையும் விடக் கடுமையாகப் புண்ணாக்கும். வயிற்றைக் காக்கப் போய் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும் வழி இது. வழக்கமான தூளில் நான்கில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிகாஃப் தூளைப் போடுங்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை இன்னொரு கால் பங்கு. பதின்மூன்றாம் நாள் முழுவதும் டிகாஃப் ஆகிவிடும், தலைக்கும் தெரியாது.

டீக்கு இவ்வளவு பேச்சு வேண்டாம். வெறும் வயிற்றில் கறுப்பு டீ குடித்தால் குமட்டுகிறது என்றால் அது டானின் என்னும் துவர்ப்புப் பொருளின் வேலை. ஐந்து நிமிடம் ஊறவைப்பதை இரண்டரை நிமிடமாகக் குறைத்தாலே துவர்ப்பு நன்றாகக் குறையும். பால் சேர்த்தால் பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்ளும். முதல் அரை நிமிட நீரைக் கொட்டிவிட்டால் காஃபீன் போய்விடும் என்பது மட்டும் உண்மையல்ல. பெரும்பகுதி இலையிலேயே இருக்கும்.

பாலுக்கு வருவோம். அல்சர் என்றால் பால் குடி என்பது பழைய நம்பிக்கை. 1915இல் சிகாகோ மருத்துவர் பெர்ட்ரம் சிப்பி, மணிக்கொரு முறை பாலும் கிரீமும் கொடுக்கும் சிகிச்சையை வகுத்தார். பல பத்தாண்டுகள் உலகெங்கும் நோயாளிகள் அப்படியே பாலைக் குடித்துத் தீர்த்தார்கள். பால் உள்ளே போனதும் எரிச்சல் அடங்குவது உண்மைதான். ஆனால் பாலின் புரதமும் கால்சியமும் கொஞ்ச நேரத்தில் மறுபடி அமிலத்தைச் சுரக்க வைக்கும். அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா என்பதை ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் நிலைநாட்டினார்கள். 1984இல் அந்தப் பாக்டீரியாவை வளர்த்த கரைசலை மார்ஷல் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். மருத்துவ வரலாற்றிலேயே துணிச்சலான பானம் அதுவாகத்தான் இருக்கும். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தக் கிருமிக்குப் பரிசோதனையும் மருந்தும் உண்டு. கிருமியை வைத்துக்கொண்டு காப்பியை மட்டும் நிறுத்துவதில் பயனில்லை.

குடல் தொந்தரவு உள்ளவர்கள் பாலைச் சந்தேகிப்பது நியாயம். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி, உலகில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் குறைந்துவிடுகிறது. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும். ஆனால் இங்கே கணக்கு முக்கியம். 100 மில்லி பாலில் ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ். நொதி குறைந்தவர்களிலும் பலர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதாவது ஒரு கோப்பைப் பால் வரை தாங்குவார்கள். டீயில் 30 மில்லி பால் ஊற்றுகிறவருக்கு உப்புசம் வந்தால் காரணம் வேறெங்கோ இருக்க வாய்ப்பு அதிகம். நாளுக்கு நாலு கோப்பை முழுப்பால் காப்பி குடிப்பவர் கதை வேறு.

லாக்டோஸ் நீக்கிய பால் நல்ல மாற்று. அது இனிக்கும், ஏனென்றால் லாக்டோஸ் உடைந்து குளுக்கோஸும் காலக்டோஸும் ஆகிவிட்டன. சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம். காய்ச்சும்போது சீக்கிரம் பழுப்பேறும், தீயைத் தணிக்க வேண்டும். சோயா, ஓட்ஸ், பாதாம் பால் காப்பியில் திரிந்துபோவது பலருக்கு நடக்கும். காப்பியின் அமிலமும் சூடும் சேர்ந்து அந்தப் புரதத்தைத் திரட்டிவிடுகின்றன. காப்பியைக் கொஞ்சம் ஆறவிட்டு, பாலைத் தனியே வெதுவெதுப்பாக்கி, பாலுள்ள கோப்பையில் காப்பியை மெல்ல ஊற்றினால் திரிவது குறையும். முழு சோயாவில் செய்த பாலும் சிலருக்கு வாயுவைக் கிளப்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாற்று என்றதும் சிக்கரி, பார்லி என்று தேடுவார்கள். காஃபீன் இல்லை என்பது சரி. ஆனால் சிக்கரி வேரில் இனுலின் என்ற நார்ச்சத்து நிறைய, குடல் பாக்டீரியாவுக்கு அது விருந்து. உப்புசத்துக்காகக் காப்பியை விட்டுச் சிக்கரிக்கு மாறினால் உப்புசம் கூடுவது வியப்பல்ல. பார்லியில் குளூட்டன் என்ற புரதம் உண்டு, அது குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவர்கள் தொடக்கூடாது.

வாயு ஏற்றிய குளிர்பானங்களில் மூன்று தொல்லைகள் ஒன்றாக இருக்கின்றன. கரியமில வாயு இரைப்பையை விரிக்கிறது, ஏப்பத்தோடு அமிலமும் மேலே வருகிறது. கோலா வகைகளின் பிஎச் 2.5 அருகில், ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயில் நேரடியாகவே எரியும். சர்க்கரை இல்லாதது என்று வாங்கினாலும் சார்பிட்டால், சைலிட்டால் போன்ற இனிப்புகள் சிலவற்றில் இருக்கும், அவை வயிற்றுப்போக்கை வரவழைக்கும். சீசாவின் மேல்தாளைப் படியுங்கள். பழச்சாறுகளில் ஆரஞ்சு எதுக்களிப்புக்கு ஆகாது. ஆப்பிள், பேரிக்காய்ச் சாறுகள் எரிக்காது, ஆனால் அவற்றின் ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையும் சார்பிட்டாலும் குடலில் வாயுவாகும். சாற்றில் பாதி தண்ணீர் கலந்து, உணவோடு, 100 மில்லி என்று வைத்துக்கொண்டால் பலருக்குத் தாங்கும். மதுவைப் பற்றிச் சுருக்கமாக: இரைப்பை அழற்சியோ புண்ணோ இருக்கும்போது அளவு குறைப்பது என்ற பேச்சே வேண்டாம், ஆறும்வரை முழுமையாக நிறுத்த வேண்டும்.

சூட்டைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களை, உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்ற வரிசையில் 2016இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்தது. ஐந்து நிமிடம் ஆறவிடுவதில் ருசி ஒன்றும் போய்விடாது.

எது ஆகவில்லை என்று கண்டுபிடிக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். சந்தேகப்படும் ஒரே ஒரு பொருளை இரண்டு வாரம் நிறுத்துங்கள்; காஃபீன் என்றால் மட்டும் முன்பு சொன்னபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். பாலையும் காஃபீனையும் சேர்த்து நிறுத்தினால் எதனால் குணம் என்று தெரியாது. ஒரு நோட்டில் குடித்த நேரம், மில்லி அளவு, கூடச் சாப்பிட்டது, தொந்தரவு தொடங்கிய நேரம் நான்கையும் எழுதுங்கள். குடித்த அரை மணிக்குள் மார்பு எரிந்தால் எதுக்களிப்பு, சில மணி நேரத்துக்குள் வயிறு இரைந்தால் பெரும்பாலும் லாக்டோஸ் போன்ற செரியாச் சர்க்கரை. இரண்டு வாரம் முடிந்ததும் அந்தப் பொருளை மறுபடி சேர்க்க வேண்டும். முதல் நாள் கால் கோப்பை, அடுத்த நாள் அரை, மூன்றாம் நாள் முழுக் கோப்பை. இந்தப் படியைத் தாண்டிவிடுவதால்தான், வயிறு தானாகச் சரியானதையும் பானத்தை விட்டதால் சரியானதையும் குழப்பிக்கொண்டு ஆயுளுக்கும் தேவையில்லாத பத்தியம் இருக்கிறார்கள். எதுக்களிப்புக்காரர்கள் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே கடைசிக் கோப்பையை முடித்துவிடுங்கள்.

மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு: இரும்புச்சத்து மாத்திரைக்கும் டீ, காப்பிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கி, காப்பிக்கு அரை மணி முதல் ஒரு மணி காத்திருக்க வேண்டும். ஒமிப்ரசோல் வகை அமிலக் குறைப்பு மாத்திரை, சாப்பாட்டுக்கு அரை மணி முன் போட்டால்தான் முழுதாக வேலை செய்யும்.

தார் போலக் கறுத்த மலம், ரத்த வாந்தி, விழுங்கும்போது அடைப்பு, காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ரத்த வாந்திக்கும் கறுத்த மலத்துக்கும் அன்றைக்கே மருத்துவமனை. நோட்டு எழுதியிருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள், வலி மாத்திரைகளின் பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். வணக்கம்.