மூச்சைப் பார்க்க விடுங்கள்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, வேலைப் பளுவுக்கிடையே வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, கேட்டவுடன் அரங்கம் தந்த பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் தம்பிமார்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்தீர்கள். அதற்குத் தனி வணக்கம்.

விபாசனா என்ற தியான முறை என்றால் என்ன, அது எப்படி இங்கே வந்தது, வீட்டில் எப்படித் தொடங்குவது. மூன்று செய்திகள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள்; நிதானமாகவே சொல்கிறேன்.

1955-ஆம் ஆண்டு, ரங்கூன். சத்ய நாராயண் கோயங்கா என்றொரு வியாபாரி. மண்டலேயில் பிறந்தவர், முப்பத்தொரு வயது, நல்ல வசதி. ஆனால் ஒற்றைத் தலைவலி! மார்ஃபின் ஊசி போட்டால்தான் அடங்கும். ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று டாக்டர்களைத் தேடி அலைந்தார். பணம் போயிற்று, வலி போகவில்லை. கடைசியில் ஊ பா கின் என்பவரிடம் வந்தார். அவர் சாமியாரா? இல்லை. பர்மா அரசின் தலைமைக் கணக்காளர்! (சிரிப்பு.) தணிக்கைக்காரர்கள் யாரும் இருந்தால் கோபிக்க வேண்டாம்; ஆபீஸிலேயே ஊழியர்களுக்கு விபாசனா தியானம் சொல்லிக்கொடுத்த அதிகாரி அவர். தலைவலி தீர வேண்டும் என்றார் கோயங்கா. அதற்கென்றால் சேர்த்துக்கொள்ள மாட்டேன், மனத்தைச் சுத்தம் செய்ய வந்தால் வாருங்கள் என்று சொல்லிவிட்டார் அவர். காசுள்ள ஆளை வாசலோடு திருப்பியனுப்பிய குருவை நீங்கள் பார்த்ததுண்டா? கோயங்கா யோசித்தார், பிறகுதான் வந்து உட்கார்ந்தார். தலைவலியும் போயிற்று, அது வேறு விஷயம்.

கோயங்கா 1969-இல் இந்தியா வந்து பம்பாயில் முதல் விபாசனா முகாம் நடத்தினார். 1994-இல் திகார் சிறையில் ஆயிரம் கைதிகளுக்கு மேல் ஒரே முகாமில் உட்கார்ந்தார்கள். நமக்குப் பக்கத்தில் சென்னை திருமுடிவாக்கத்திலும் மையம் இருக்கிறது. பத்து நாள், பேச்சு கிடையாது, கட்டணமும் கிடையாது. முதல் மூன்று நாள் மூக்கருகே வந்துபோகும் மூச்சைக் கவனிப்பதுதான் வேலை. நான்காம் நாளிலிருந்து தலை முதல் கால் வரை உடம்பில் தோன்றும் உணர்ச்சிகள். அரித்தால் சொறியாதே, அரிப்பு வருவதையும் போவதையும் பார். வந்தது எதுவும் நிலைக்காது என்பதை உடம்பே காட்டிக்கொடுக்கும். பதறாத காரியம் சிதறாது!

சரி, வீட்டில் தொடங்கலாமா? விடியற்காலை நாலரைக்கு உட்காருகிறீர்கள். எங்கள் தெருவில் அப்போதே கூம்பு ஒலிபெருக்கி அலற ஆரம்பித்துவிடும். சத்தம் வந்தால் அதைக் கண்டு எரிச்சல்படாதே என்பார்கள் பழகியவர்கள். அவர்களுக்குச் சரி, புதிதாக உட்காருகிற பிள்ளை என்ன செய்யும்? பத்தாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்? பிரசவித்த பெண்ணும் பச்சைக் குழந்தையும் என்ன செய்வார்கள்? இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி சொல்கிறது. 2005-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எந்தச் சாமிக்கும் எந்தக் கட்சிக்கும் நான் எதிரியில்லை. சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது செய்தியை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். ஒலிபெருக்கி பற்றிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபிக்குப் போங்கள். பேனா கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நன்றி, வணக்கம்.