நான்கு கிலோ விதைநெல்

வணக்கம் நண்பர்களே. திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு சம்பா நடவு வயலின் வரப்பில் நின்று பேசுகிறேன். எனக்குப் பின்னால் பதினோரு பெண்கள் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். வலது ஓரத்தில், சேலைக்கு மேல் சட்டை போட்டிருக்கும் அக்காவைச் சற்று நேரம் கவனியுங்கள். அவர் யாரையும் விரட்டவில்லை. பக்கத்தில் நடும் புதிய பெண் பின்தங்கியபோது, தன் நாற்று முடி தீர்ந்த கையோடு அவள் பக்கம் நகர்ந்து, அவளுடைய இடத்திலும் நாலைந்து குத்து வைத்துவிட்டுத் திரும்பினார். அதைப் பார்த்த அடுத்தவரும் அப்படியே செய்ய, வரிசை மறுபடி நேரானது. கூலி எல்லோருக்கும் ஒன்றுதான். அவருக்கென்று தனிப் பட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் நாளைக்கு எந்த வயல் என்பதை அவர் சொன்னால்தான் மற்றவர்கள் கிளம்புகிறார்கள்.

பட்டம் இல்லாமலும் கூட நின்று வேலை செய்கிறவர் பின்னால்தான் ஆட்கள் வருவார்கள் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதி உழவர் குழு ஒன்றுக்கு என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள். முத்திரையும் கையெழுத்தும் வைத்து அறுபது பேருக்குக் கூட்ட அறிவிப்பு அனுப்பினேன்; வந்தவர்கள் ஒன்பது பேர். அன்று எனக்குக் கோபம் வந்தது. அவர்களில் ஒருவருடைய வயலுக்குக்கூட நான் அதுவரை போனதில்லை என்பது மெல்லத்தான் உறைத்தது.

இதே வட்டாரத்தில், ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் செய்ததை அப்போதுதான் ஊன்றிப் படித்தேன். 2006-இல் அங்கே நெல் திருவிழாவைத் தொடங்கியவர் அவர். வருகிற விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல்லைக் கொடுப்பார்; அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அது வேறு விவசாயிகளுக்குப் போகும். இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை. விதையை வாங்கியவர் உதவி பெற்றவராக மட்டும் நின்றுவிடுவதில்லை. அடுத்த விளைச்சலில் அவரே கொடுப்பவராகிறார், முகம் தெரியாத இன்னொரு விவசாயிக்கு அவர் கடன்பட்டிருக்கிறார், அந்தக் கடனைத் தீர்க்க வேண்டுமானால் கலப்பு இல்லாமல் அந்த ரகத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும். யாருக்கும் ஆணையிடும் அதிகாரம் ஜெயராமனிடம் இருக்கவில்லை. ஆயினும் 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது, 160-க்கும் மேற்பட்ட ரகங்கள் மீண்டும் வயலுக்கு வந்திருந்தன. அவருக்கு வழிகாட்டியாக இருந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் 1969-இல் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையின் அரசு வேலையை உதறியவர்தான். அவர் சொல்லை ஊர் ஊராக விவசாயிகள் கேட்டது அதற்குப் பிறகே.

பதவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கு வழக்குக்குப் பொறுப்பாக ஒருவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஆனால் அந்தக் கையெழுத்தைப் பார்த்து எவரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு நான் அறிவிப்பு அனுப்பவில்லை. மேட்டூரில் தண்ணீர் திறக்கும் முன், கடைமடையில் நாணல் மண்டிக்கிடந்த கிளை வாய்க்காலில் நானும் இரண்டு பேரும் இறங்கினோம். மூன்றாம் நாள் பதினேழு பேர் நின்றார்கள். எந்த மதகை முதலில் சரிசெய்வது என்பதை, அந்த வாய்க்காலில் நாற்பது ஆண்டுகளாகத் தண்ணீர் பாய்ச்சிவரும் பெரியவர் ஒருவரிடம் விட்டுவிட்டோம். என் யோசனை வேறாக இருந்தது. அவர் சொன்னதுதான் சரியாக அமைந்தது.

அந்தச் சம்பாவுக்கு நாங்களும் தூயமல்லி என்ற பாரம்பரிய நெல் ரகத்தின் விதையை இரண்டு இரண்டு கிலோவாகப் பிரித்துக் கொடுத்தோம். அறுவடை முடிந்து முதல் ஆளாகத் திருப்பித் தர வந்தவர், அன்று என் கூட்டத்துக்கு வராதவர்களில் ஒருவர். நான்கு கிலோவை அளந்து வைத்தார். பிறகு துண்டில் முடிந்து வைத்திருந்த இன்னொரு கிலோவை அவிழ்த்து, பக்கத்து வயல்காரர் கேட்டிருக்கிறார், அவர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி என்றார்.