மதிலுக்கு உள்ளே யார், வெளியே யார்

நேயர்களுக்கு வணக்கம்.

மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில் இருப்பது சைப்ரஸ் தீவு. அதன் கிழக்குக் கரையில் ஃபமகுஸ்தா என்றொரு பழைய துறைமுக நகரம். கிரேக்கர்களுக்கு அது அம்மோகோஸ்தோஸ், துருக்கியர்களுக்கு காஸிமாவுசா. எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டால் அதுவே ஒரு வழக்கு. 1974 முதல் தீவின் வடபகுதி துருக்கிய ராணுவத்தின் பிடியில் இருக்கிறது. 1983-இல் அங்கே தனிநாடு அறிவித்தார்கள். துருக்கியைத் தவிர வேறு எந்த நாடும் அதை ஏற்கவில்லை. அந்த அரசியலுக்குப் பிறகு வருவோம். முதலில் மதில்.

நகரைச் சுற்றி ஏறத்தாழ 3.5 கிலோமீட்டருக்கு ஓடுகிறது அந்த மதில். உயரம் பல இடங்களில் 15 மீட்டர். தடிமன், சில இடங்களில் 8 மீட்டர் வரை. மேலே ஏறிவிட்டால் ஒரு பக்கம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், மறுபக்கம் வீடுகளும் இடிந்த தேவாலயங்களும். கோட்டை என்றால் நமக்கு மன்னன் குடியிருந்த இடம்தான் நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. ஊர் முழுவதுமே கோட்டை. இன்றைக்கும் உள்ளே ஜனங்கள் குடியிருக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். உள்ளே யார், வெளியே யார் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. எனக்கு அந்த ஊரில் பிடிபட்ட கதை அதுதான்.

இதற்கு வடக்கே சில கிலோமீட்டரில் சலாமிஸ் என்ற பண்டைய நகரம் இருந்தது. நிலநடுக்கம், பிறகு 7-ஆம் நூற்றாண்டில் அரபுப் படையெடுப்பு. அங்கிருந்தவர்கள் தெற்கே நகர்ந்தார்கள். அப்போதும் ஃபமகுஸ்தா சிற்றூர்தான். அதிர்ஷ்டம் வந்தது 1291-இல், அதுவும் வேறொரு ஊரின் அழிவில். பாலஸ்தீனக் கரையில் சிலுவைப் போர்வீரர்களின் கடைசிப் பெரிய கோட்டையான அக்கோ (ஆங்கிலத்தில் ஏக்கர்) விழுந்தது. அங்கிருந்த கிறித்தவ வணிகர்கள் கப்பலேறி இங்கே வந்தார்கள். கீழை நாட்டுப் பட்டும் மிளகும் ஏலமும் ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் இது பெரும் சந்தையாகிவிட்டது. ஆண்டுக்கொரு தேவாலயம் கட்டினார்களோ என்று தோன்றும்படி கட்டித் தள்ளியிருக்கிறார்கள். ஊருக்குள் 365 தேவாலயங்கள் இருந்தன என்று உள்ளூரில் சொல்வார்கள். நம்ப வேண்டியதில்லை. ஆனால் நின்றுகொண்டிருப்பவற்றைப் பார்த்தால் அந்தப் பேச்சு ஏன் பிறந்தது என்று புரிகிறது.

எல்லாவற்றுக்கும் தலையாயது புனித நிக்கோலஸ் பேராலயம். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரெஞ்சுக் கோதிக் பாணியில் எழுந்தது. அப்போது தீவை ஆண்டவர்கள் லுசினியான் என்னும் பிரெஞ்சு வம்சத்தார். நிக்கோசியாவில் சைப்ரஸ் மன்னராக முடிசூடிக்கொண்டு, பிறகு இந்த ஊருக்கு வந்து எருசலேமின் மன்னராக இன்னொரு முடி சூடுவார்கள். எருசலேம் அவர்கள் கையைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. இல்லாத நாட்டுக்கு முடிசூட்டு விழா. அப்படிப்பட்ட ஒரு விழாவில்தான் இந்த ஊரின் சரிவும் தொடங்கியது.

1372-ஆம் ஆண்டு. இரண்டாம் பீட்டர் முடிசூடி ஆலயத்திலிருந்து வெளியே வருகிறார். மன்னர் குதிரையின் வலப்பக்கக் கடிவாளத்தை யார் பிடிப்பது? வெனிஸ்காரர்களா, ஜெனோவாகாரர்களா? இத்தாலிய நகரங்களிலிருந்து வந்த இந்த இரண்டு கூட்டமும் வணிகத்தில் பரம எதிரிகள். வாசலில் ஆரம்பித்த தள்ளுமுள்ளு விருந்துக் கூடத்தில் கைகலப்பாகி, வாளை உருவுவதில் போய் நின்றது. ஜெனோவாகாரர்களின் சொத்தைச் சூறையாடினார்கள். அடுத்த ஆண்டே ஜெனோவாவிலிருந்து கப்பற்படை வந்து ஊரைப் பிடித்துக்கொண்டது. ஏறத்தாழ 90 ஆண்டுகள் விடவில்லை. கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்காக அடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்த நமக்கு இந்தக் கதையில் ஆச்சரியம் குறைவாகத்தான் இருக்கும்.

நாம் இன்று பார்க்கும் மதில் பெரும்பாலும் வெனிஸ்காரர்களின் கைவேலை. 1489-இல் கேத்தரினா கொர்னாரோ என்ற அரசியைப் பதவி விலகவைத்துத் தீவையே எடுத்துக்கொண்டார்கள். அவர்களும் ராஜ்ஜியம் நடத்த வந்தவர்கள் அல்ல, கணக்குப் புத்தகத்தோடு வந்தவர்கள். ஆனால் பீரங்கி யுகம் வந்துவிட்டதைப் புரிந்துகொண்டவர்கள். பழைய மதில் உயரமாக, ஒல்லியாக இருந்தது. ஏணி வைத்து ஏறுகிறவனைத் தடுக்க அது போதும். பீரங்கிக் குண்டுக்கு உயரமான சுவர் நல்ல இலக்கு. அதனால் கோபுரங்களின் உயரத்தைக் குறைத்தார்கள், சுவரைத் தடிக்கவைத்தார்கள், மண் நிரப்பினார்கள், சுற்றிலும் பாறையை வெட்டி அகழி தோண்டினார்கள்.

வடமேற்கு மூலையில் மார்ட்டினெங்கோ கொத்தளம் என்று ஒன்று இருக்கிறது. அம்பின் முனை போன்ற வடிவம். எதிரி மதிலின் எந்த இடத்துக்கு வந்தாலும் பக்கவாட்டிலிருந்து சுட முடிய வேண்டும், ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூட அவனுக்குக் கிடைக்கக் கூடாது. அந்தக் கணக்கிலிருந்து பிறந்த வடிவம் அது. உள்ளே பீரங்கி அறைகள். வெடிமருந்துப் புகை அடைத்துக்கொள்ளாமல் இருக்க மேலே புகைபோக்கித் துளைகள். வரைந்தவர் சான்மிக்கேலி என்ற புகழ்பெற்ற பொறியாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். எதிரி அந்தப் பக்கமே வரவில்லை. தெற்குப் பக்கத்தில், அவ்வளவாகப் புதுப்பிக்காத இடத்தில் வந்து அடித்தான்.

1570 செப்டம்பரில் உதுமானியத் துருக்கியரின் படை தலைநகர் நிக்கோசியாவைப் பிடித்தது. அங்கிருந்த வெனிஸ் ஆளுநரின் தலையை வெட்டி ஃபமகுஸ்தாவுக்கு அனுப்பிவைத்தார்கள், சரணடையச் சொல்லி. இங்கே பொறுப்பில் இருந்தவர் மார்க்கந்தோனியோ பிரகதீன். மறுத்துவிட்டார். ஏறத்தாழ 11 மாதம் முற்றுகை நடந்தது. உதுமானியப் படைத்தலைவர் லாலா முஸ்தஃபா பாஷாவின் ஆட்கள் வளைந்து வளைந்து பதுங்குகுழி வெட்டிக்கொண்டு மதிலை நெருங்கினார்கள். குதிரைவீரன் போனாலும் வெளியே தெரியாத ஆழமாம். மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து நிரப்பினார்கள். 1571 ஜூலையில், தரைப்பக்கம் திறக்கும் நிலவாசலின் முன்கொத்தளத்தை எதிரி பிடிக்கப்போகும் நேரத்தில், காவலர்களே அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எதிரிகளோடு தங்கள் ஆட்களும் அதில் செத்தார்கள். உள்ளே தானியம் தீர்ந்து குதிரை, கழுதை, பூனை வரை தின்றாகிவிட்டது.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி வெள்ளைக்கொடி. நிபந்தனைகள் கண்ணியமானவை: காவல்படை கப்பலேறி கிரீட் தீவுக்குப் போகலாம். ஆனால் சாவியை ஒப்படைக்கப் போன பிரகதீனுக்கும் பாஷாவுக்கும் கூடாரத்தில் வாக்குவாதம் முற்றியது. முஸ்லிம் கைதிகளைக் கொன்றுவிட்டாய் என்பது பாஷாவின் குற்றச்சாட்டு. உடனிருந்தவர்களை வெட்டினார்கள். பிரகதீனின் காதுகளை அறுத்தார்கள். சில நாள் கழித்து, ஆகஸ்ட் 17-ஆம் தேதி, உயிரோடு தோலை உரித்தார்கள். அந்தத் தோலில் வைக்கோல் அடைத்து இஸ்தான்புல் அனுப்பினார்கள். பின்னாளில் அங்கிருந்து திருடி வெனிசுக்குக் கொண்டுபோய், ஒரு தேவாலயத்தில் வைத்திருக்கிறார்கள். வானொலியில் இதற்குமேல் வேண்டாம்.

புதிய ஆட்சியில் கிறித்தவர்கள் மதிலுக்குள் குடியிருக்கக் கூடாது என்றானது. கிரேக்கர்கள் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கு வாசல் வழியே வெளியேறி, கூப்பிடு தூரத்தில் குடியேறினார்கள். அந்தப் புறநகர் வரோஷா. இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிலுக்குள் இருந்த நகரம் மெல்லத் தூங்கிப்போனது. பேராலயம் மசூதியானது. உதுமானியர்களுக்கு இது நாடுகடத்த வசதியான மூலை. 1873-இல் நாமிக் கெமால் என்ற கவிஞரைத் தேசபக்தி நாடகம் எழுதியதற்காக இங்கே அனுப்பினார்கள். மூன்று ஆண்டுக்கும் மேல் இருந்தார். அவரை அடைத்துவைத்த கட்டடம் இன்று அருங்காட்சியகம். 1878-இல் ஆங்கிலேயர் வந்தார்கள். துறைமுகத்தை விரிவாக்கினார்கள், ரயில் விட்டார்கள். கடலோரக் கோட்டைக்கு ‘ஒத்தெல்லோ’ என்று பெயர் நிலைத்ததும் அவர்கள் காலத்தில்தான். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் சைப்ரஸின் ஒரு துறைமுகம் வருகிறது, எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. பயணிகளுக்கு அந்தப் பெயர் போதும். கோட்டை வாசலுக்கு மேலே வெனிஸின் சிறகுள்ள சிங்கமும் 1492 என்ற ஆண்டும் இருக்கின்றன. நான் அதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

இதற்கிடையில் வெளியே தள்ளப்பட்டவர்களின் வரோஷா என்ன ஆயிற்று? ஆரஞ்சுத் தோட்டங்களால் செழித்தது. 1960-இல் சுதந்திரம் வந்த பிறகு கடற்கரை நெடுக உல்லாச விடுதிகள் முளைத்தன. ஹாலிவுட் நட்சத்திரங்கள் வந்து தங்கினார்கள். மதிலுக்குள் இருந்த துருக்கிய சைப்ரஸ்காரர்களின் நிலை நேர் எதிர். 1963 டிசம்பரில் இரு இனத்துக்கும் மோதல் வெடித்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து துருக்கியர்கள் ஓடிவந்து இந்த மதிலுக்குள் புகுந்துகொண்டார்கள். 1974-இல் கிரேக்க ராணுவ ஆட்சியின் தூண்டுதலில் சைப்ரஸில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பும், அதையடுத்துத் துருக்கியின் படையெடுப்பும் வந்தபோது, மதிலைக் கிரேக்க சைப்ரஸ் படை சூழ்ந்துகொண்டது. வெனிஸ்காரன் துருக்கியனைத் தடுக்கக் கட்டிய சுவரின் குகையறைகளில் துருக்கியக் குடும்பங்கள் வாரக்கணக்கில் ஒளிந்திருந்தன.

ஆகஸ்டு நடுவில் துருக்கிய ராணுவம் வந்து சேர்ந்தது. வரோஷாவின் கிரேக்கர்கள் இரண்டொரு நாளில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ராணுவம் அந்தப் பகுதியைச் சுற்றிக் கம்பிவேலி போட்டது. தீவில் அப்போது ஐ.நா. அமைதிப்படைக்குத் தளபதி ஓர் இந்தியர், திவான் பிரேம் சந்த். 1984-இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 550-ஆம் தீர்மானத்தில், அங்கு வாழ்ந்தவர்களைத் தவிர வேறு யாரையும் வரோஷாவில் குடியேற்றக் கூடாது என்றது. குடியேற்றவில்லை. ஊர் அப்படியே மட்கியது.

2020 அக்டோபரில் கடற்கரையையும் சில தெருக்களையும் திறந்துவிட்டார்கள். ஐ.நா. கண்டித்தது. நானும் அந்தத் தெருவில் நடந்தேன், நடக்கலாமா கூடாதா என்ற சந்தேகத்தோடே. வாடகை சைக்கிள் விடுகிறார்கள். தார்ச்சாலை புதிது. இரு மருங்கிலும் கயிறு கட்டி, உள்ளே போகாதே என்று பலகை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் பால்கனியைப் பிளந்துகொண்டு மரம், கண்ணாடி இல்லாத கடைகள், மங்கிய கிரேக்க எழுத்து. ஒரு நடுவயதுப் பெண், தன் தாயாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, ஒரு மாடிவீட்டை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். பக்கத்திலேயே இளவட்டங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீடுகள் யாருடையவை என்பதில் இன்னும் வழக்கு ஓடுகிறது. கிரேக்கர்களிடம் பத்திரம் இருக்கிறது. நிலம் பழைய வக்ஃப் சொத்து என்று துருக்கியத் தரப்பின் அறக்கட்டளை சொல்கிறது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயாயிற்று. என்னைக் கேட்டால் இதைச் சுற்றுலாத் தலமாக்கியது பிழை. உரிமைக்காரர் கயிற்றுக்கு வெளியே நிற்கும்போது, வேடிக்கை பார்ப்பவனுக்குச் சைக்கிள் எதற்கு?

மறுபடி மதிலுக்குள் வருவோம். பேராலயத்தின், அதாவது இன்றைய லாலா முஸ்தஃபா பாஷா மசூதியின் முகப்பு அப்படியே கோதிக்தான். முற்றுகையிலும் நிலநடுக்கங்களிலும் மொட்டையான இரட்டைக் கோபுரங்களில் ஒன்றில் சின்னதாக ஒரு மினார். உள்ளே சிற்பங்களோ ஓவியங்களோ இல்லை. வெள்ளையடித்த தூண்களும் வெளிச்சமும்தான். ஆலயம் கிழக்கு நோக்கியது, மெக்காவோ தெற்கே. அதனால் தூண் வரிசை ஒரு திசையிலும் தொழுகை வரிசை குறுக்கேயும் போகிறது. வாசலில் ஒரு பெரிய மரம். 700 வயது என்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் நம்மூர் அத்தியின் உறவு, கிளையிலும் அடிமரத்திலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் ஜாதி. கட்டட வேலையாட்கள் காலத்திலிருந்து எல்லா ஆட்சிக்கும் நிழல் கொடுத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிரேக்க, துருக்கிய நிபுணர்கள் சேர்ந்த ஒரு தொழில்நுட்பக் குழு இங்கே பழைய கட்டடங்களைச் செப்பனிட்டு வருகிறது. ஒத்தெல்லோ கோட்டையை 2015-இல் அவர்கள்தான் மீட்டுத் திறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, மதிலுக்குள் இருக்கும் புனித ஜார்ஜ் எக்சொரினோஸ் தேவாலயத்தில், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பெரிய வெள்ளி வழிபாடு நடந்தது. வெளியூர்களில் அகதிகளாக வாழும் ஃபமகுஸ்தாக்காரர்கள் வந்தார்கள். துருக்கிய சைப்ரஸ்காரர்களும் வந்தார்கள். அன்று இரவுக்குள் எல்லாரும் அவரவர் பக்கம் திரும்பிவிட்டார்கள் என்பதும் உண்மை.

போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லார்னகாவில் விமானம் இறங்கி, டெரினியா சோதனைச் சாவடி வழியாகப் போகலாம். கடவுச்சீட்டு கட்டாயம். விசா விதிகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வாடகைக் கார் என்றால் வடக்கே தனிக் காப்பீடு எடுக்க வேண்டும், பல நிறுவனங்கள் காரை எல்லை தாண்டவே விடுவதில்லை. பேருந்துச் சுற்றுலாவில் போகிறவர்கள் பேராலயத்தைப் பார்த்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் ஓர் இரவாவது தங்குங்கள். நிலவாசல் பக்கத்துச் சரிவில் மதிலேறி, வெயில் தாழ்ந்த நேரத்தில் நடங்கள். பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது, கீழே அகழி. குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.